கடைவாய்ப் பல்லுக்கு இருபது வருஷம்

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் பொத்தானை நாலு தடவை குத்திப் பார்த்தாள். பிறகு படியைப் பிடித்தாள்.

மூன்று மாடி. இரண்டிரண்டு படியாகத் தாவுகிற வயதில்லை, ஆனாலும் தாவினாள். கூரியர் ஆபீசின் பச்சை மேல்கோட்டைக் கழற்றிப் போடக்கூட நேரமில்லை. பார்சல் ஒட்டுகிற டேப் சுருள் இன்னும் இடது மணிக்கட்டில் வளையல் போலத் தொங்கியது. கைப்பிடிக் கம்பியில் 'ணங் ணங்' என்று இடித்துக்கொண்டே வந்தது.

பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் தம்பியிடமிருந்து போன். அவள் புருஷனின் மோட்டார் பட்டறையில்தான் அவனுக்கும் வேலை. தம்பி என்றாலும் நாற்பது வயது ஆள், பதறுகிறவன் இல்லை. இன்றைக்குப் பதறினான்.

"அக்கா, மாமா மெயின்ரோட்டு பல் டாக்டர்கிட்ட பல்லைப் புடுங்கிட்டு வர்றேன்னு கிளம்பிட்டாரு. வழிய மறிச்சுப் பார்த்தேன். 'என் வாயி, என் பல்லு, இதுக்கும் உங்க அக்காகிட்ட சீட்டு வாங்கணுமாடா'ன்னுட்டு வண்டிய எடுத்துட்டாரு."

எடை மேடையில் யாரோ ஒருவரின் பெட்டி. எதிரே காசை நீட்டியபடி அந்த ஆள். அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவள்தான்.

வேறு யாராவது என்றால், கெட்டுப்போன ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது அரைமணி நேர சமாச்சாரம். பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். இவருக்கு முடியாது. எட்டு மாதமாக, மாதம் ஒன்று என்று எலும்புக்கு ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. முதல் ஊசியன்றைக்கே நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொல்லியிருந்தாள். இந்த ஊசி போடுகிறவரை பல்லில் மட்டும் குறடு வைத்துவிடக் கூடாது. பிடுங்கின குழி மூடாது. தாடை எலும்பு வெளியே தெரியும். பிறகு அது அழுக ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு வாய்க் கஞ்சி இறங்குவதுகூடச் சித்திரவதைதான்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஊசி எதற்கென்றே தெரியாது.

அதுதான் சிக்கல்.

பிப்ரவரி பதினேழாம் தேதி, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவிவிட்ட புற்று. எங்கே ஆரம்பித்தது என்று தேடுவதில் இனிப் பெரிய அர்த்தமில்லை என்றார். கடைசியாக, "உங்க வீட்டுக்காரர்கிட்ட எதுவும் சொல்லல. சொல்றதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். டாக்டர் அறைக் கதவிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நாற்பது அடி இருக்கும். அந்த நாற்பது அடிக்குள் அவள் முடிவெடுத்தாள். 'எலும்புத் தேய்மானமாம். முப்பது வருஷமா மோட்டாரைத் தூக்கினா வேற என்ன வரும்? மாசாமாசம் சுண்ணாம்புச் சத்து ஏத்தணுமாம்' என்றாள். அவர் 'அவ்வளவுதானா' என்று எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூங்க நேரமில்லை. ரிப்போர்ட்டெல்லாம் கூரியர் ஆபீஸ் அலமாரியில், 'முகவரி தவறு' என்று எழுதிய உறைக்குள். மாத்திரை பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, பசையை நெயில்பாலிஷ் ரிமூவர் போட்டுத் துடைத்து, 'சத்து மாத்திரை – காலை', 'சத்து மாத்திரை – இரவு' என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். ஒருநாள் அவர் அந்த பாட்டிலை விரலில் வைத்து மெதுவாகச் சுழற்றிப் பார்த்தார்.

"நேம்பிளேட் சுரண்டின மோட்டார் மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

அவள் துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். அவர் தொழிலில் நேம்பிளேட் என்பது மோட்டாரின் ஜாதகத்தைப் பொறித்த தகடு, சும்மா இல்லை. பட்டறைக்கு எந்த மோட்டார் வந்தாலும், திருப்புளியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு அட்டை எழுதிச் செம்புக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார். என்ன கம்பெனி, என்ன குதிரைசக்தி, எப்போது எரிந்தது, முன்னால் கை வைத்தவர் யார். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மோட்டாரைத் திறக்க மாட்டார். 'மறைச்சுக் கொண்டாந்தா நான் எப்படிய்யா பார்க்கிறது?' என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவார். அப்படிப்பட்ட மனுஷன் அந்த பாட்டிலிலிருந்து இரண்டு மாத்திரையைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. அவளும் பிழைத்தோம் என்று விட்டுவிட்டாள்.

போன வாரம் புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வேலை செய்யவில்லை என்பது டாக்டர் சொல்வதற்கு முன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றியதிலேயே தெரிந்தது. "ஆறு மாசம்னு வச்சுக்குங்க" என்றார். கூடுமா என்று அவள் கேட்கவில்லை. குறையுமா என்றும் கேட்கவில்லை.

அந்த ஆறு மாதத்தில் அவர் சோறாவது வலியில்லாமல் தின்ன வேண்டும். அவள் கையில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதற்குத்தான் இந்த ஓட்டம்.

மூன்றாவது மாடி வந்தது. கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, வரிசையாக நீல நாற்காலிகள். வரவேற்பு மேசைப் பெண் "மேடம், டோக்கன்..." என்று எழுவதற்குள் அவள் உள்கதவைத் தள்ளிவிட்டாள்.

அவர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் சங்கிலி போட்டு மாட்டிய காகிதத் துண்டு. முகத்துக்கு மேலே வட்ட விளக்கு. பல் டாக்டர் கையில் ஊசி.

"நிறுத்துங்க" என்றாள். மூச்சு வாங்கியதில் அது பாதிதான் வெளியே வந்தது.

அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் உருட்டினார். வலது கன்னம் பந்தாக வீங்கியிருந்தது.

"டாக்டர், பாருங்க. கரெண்ட் ஆபீஸ்லேருந்து ஃப்யூஸ் புடுங்க ஆள் வந்திருக்கு."

பல் டாக்டருக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, இது மரத்துப்போகிற ஊசிதான், புடுங்குவதா வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவாகவில்லை, அதைத்தான் இவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவள் டாக்டரின் முழங்கையைப் பிடித்து, பக்கத்திலிருந்த எக்ஸ்ரே அறைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு மாதக் கதையையும் எண்பது நொடியில் கொட்டினாள். புற்று, ஊசி, நர்ஸ் சொன்னது, ஆறு மாதம், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது. இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டால் எந்த டாக்டரும் அதிர்ந்துபோவார், ஊசி பெயரென்ன என்று கேட்பார், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று திட்டவும் செய்வார். திட்டு வாங்கத் தயாராகத்தான் அவள் நின்றாள். இந்தப் பெண் திட்டவில்லை. இவள் மணிக்கட்டிலிருந்த டேப் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் புடுங்க மாட்டேன்மா. பயப்படாதீங்க."

"காரணத்தை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு, "என் வாயிலேருந்து எதுவும் வராது" என்றாள்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்து, ரூட் கேனலைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். பல்லுக்குள் செத்துப்போன நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் பண்ணி, அடைத்து, மேலே கேப் போட வேண்டும். குறைந்தது நாலு தடவை வர வேண்டும். வேர் நுனியில் ஏற்கனவே சீழ் கட்டியிருக்கிறது. பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பிடிக்காவிட்டால் மறுபடியும் வீங்கும். ஆக, புடுங்கினால் நிச்சயமாகக் கெடுதல், வைத்துக்கொண்டால் ஒருவேளை கெடுதல். அவள் அந்த 'ஒருவேளை'யை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் ஒரு டாக்டரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த ஆகப்பெரிய சலுகை அதுதான்.

திரும்பி வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்து, கால் மிதியால் நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோட்டார் முனகுது டாக்டர். பேரிங் போயிடுச்சு. பட்டறைக்கு அனுப்புங்க, பார்த்துத் தர்றேன்."

டாக்டர் சிரிக்க முயன்றாள். சரியாக வரவில்லை. ரூட் கேனல் பண்ணிவிடலாம் என்று தான் நினைப்பதாகச் சொன்னாள். அவர் தலையாட்டவில்லை. தன் கணக்கை எடுத்து வைத்தார். காயில், அதாவது உள்ளே சுற்றிய செம்புக் கம்பி, எரிந்துபோன மோட்டாரை ரீவைண்டிங் பண்ணலாம். பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுசாகச் சுற்றினால் ஓடும். ஆனால் அந்தக் கம்பியைத் தாங்குகிற இரும்புக் கூடே கருகிப்போயிருந்தால், அதில் எவ்வளவு நல்ல கம்பியைச் சுற்றினாலும் வீண். அந்த மாதிரி மோட்டார் வந்தால் அவர் அட்டையில் 'எடைக்கு' என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவார். முப்பது வருஷத்தில் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

"அதனால புடுங்கிடுங்க. ஒரே நாள், ஒரே வேலை. நாலு தடவை வந்து போற நேரத்துல நான் நாலு மோட்டார் சுத்திடுவேன்."

"புடுங்கினா பக்கத்துப் பல்லு சாயும்ங்க" என்றாள் அவள். டாக்டரைப் பார்த்து, "சாயும்தானே டாக்டர்?" என்றாள்.

"சாயும்" என்றாள் டாக்டர், தரையைப் பார்த்து.

"எத்தனை வருஷத்துல?" என்று அவர் கேட்டார்.

டாக்டர் தட்டிலிருந்த பஞ்சுருண்டைகளை எண்ணுகிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

அவள் விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல்லைப் பிடுங்கி ஆறு வாரம் அவதிப்பட்டதைச் சொன்னாள். அப்படி ஒரு எதிர்வீட்டுக்காரரே கிடையாது. எதிரே இருப்பது மாவரைக்கிற கடை. பல் போனால் கன்னம் ஒட்டிப்போய்க் கிழவனாகத் தெரிவீர்கள் என்றாள். ஒரு பக்கமே மென்றால் தலைவலி வரும் என்று எங்கோ படித்ததாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ருசி தட்டியது. பொய் ஒன்று முடியுமுன் அடுத்தது தயாராக வந்து நின்றது.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டம்மா ஒரு தினுசு டாக்டர். கவலையைக் கொடுத்தா படுத்துடுவாங்க. இவங்க அப்பா போனப்போ பத்து நாள் சுவத்தையே பார்த்துட்டு இருந்தாங்க, பச்சைத் தண்ணி இறங்கல. ஆனா ஒரு ரகசியத்தை ஒப்படைச்சுப் பாருங்க, பம்பரமா சுத்துவாங்க. இவங்க தம்பி காதலிச்சான் பாருங்க, ஒன்றரை வருஷம் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாம காப்பாத்திட்டாங்க. என்கிட்டகூடச் சொல்லல."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றாள். குரல் கொஞ்சம் பிசிறியது.

"சும்மா. வாய் மரத்துப்போறதுக்கு முன்னாடி பேசிக்கிறேன்." அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "சரி, நீயே சொல்லு. இவ்வளவு பாடுபட்டு இதை ரிப்பேர் பண்ணினா, எத்தனை வருஷம் உழைக்கும்?"

முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. கூரியர் கவுன்டரில், தொலைந்துபோன பார்சலைப் பற்றிக் கேட்க வருகிறவர்களிடம் 'நாளைக்கு வந்துடும் சார்' என்று சொல்வாளே, அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இருபது வருஷம்."

எச்சில் உறிஞ்சுகிற குழாய் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"இருபதா" என்றார் அவர். ரொம்ப நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பட்டறையில், சுற்றி முடித்த காயிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்று கீழே வைப்பாரே, அப்படி. "இருபதுன்னா செய்ய வேண்டியதுதான். டாக்டர், கம்பியை உருவுங்க."

சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து வாயைத் திறந்தார்.

அவள் ஜெயித்துவிட்டாள். வெளியே வந்து நீல நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மணிக்கட்டிலிருந்த டேப் சுருளைக் கழற்றினாள். உள்ளே டிரில் இரைய ஆரம்பித்தது. ஒரு கண்டம் தாண்டியாகிவிட்டது. அடுத்த மாதம் இன்னொன்று வரும்; அதற்கு ஒரு பொய்யைத் தயார் பண்ண வேண்டும். நடக்க முடியாமல் போகும்போது என்ன சொல்வது என்று இப்போதே யோசித்தாக வேண்டும். தேய்மானம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை தூரம்தான் போவது? படுக்கையில் விழும்போதும் தேய்மானமா? ஆறு மாதத்துக்குப் போதுமான பொய் கையிருப்பில் இல்லை. இருபது வருஷத்துக்குச் சொன்னவளுக்கு ஆறு மாதத்துக்கு இல்லை.

மீன் தொட்டியின் மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வீட்டிலும் இப்படித்தான், எதுவும் நிற்காமல் ஓடும். இந்த வருஷ ஆரம்பத்தில், என்ன பூதம் புகுந்ததோ, அவர் தினமும் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் கழற்றிச் சரிபண்ணினார். ஒழுகிய குழாய், ஷாக் அடித்த அயர்ன் பாக்ஸ், இழுத்தால் நிற்காத ஜன்னல். கடைசியாக ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, எது எந்த அறைக்கு, எது போனால் எதை முதலில் அணைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே சீட்டு எழுதி ஒட்டினார். 'நீங்க இருக்கும்போது எனக்கெதுக்கு இதெல்லாம்?' என்று அவள் கேட்டாள். பட்டறையில் வேலை மந்தம், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றார்.

"மேடம்."

வரவேற்பு மேசைப் பெண். கையில் ஒரு அட்டை, அதில் கவ்விய படிவம்.

"ரூட் கேனல்னா கூட வந்தவங்க கையெழுத்து ஒண்ணு வேணும். கீழ, கடைசிக் கோட்டுல போடுங்க. சார் மத்ததெல்லாம் அவரே நிரப்பிட்டாரு. இவ்வளவு நேரம் உட்கார்ந்து இந்த ஃபாரத்தை நிரப்பின ஆள நான் பார்த்ததே இல்ல மேடம். ஒரு கட்டம் விடல."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு கடைசிக் கோட்டைத் தேடினாள். அவர் எழுத்து. பட்டறை அட்டையில் எழுதுகிற அதே நிமிர்ந்த எழுத்து. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், எண்ணெய்க் கையோடு படிக்கிறவனுக்கும் தெரிகிற மாதிரி. பழக்கதோஷம், கண் மேலேயிருந்து ஆரம்பித்தது.

தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்ற கட்டத்தில், அவள் உரித்துப் போட்ட லேபிள்களில் இருந்த பெயர்கள் அத்தனையும் இருந்தன. மில்லிகிராமோடு, எழுத்துப் பிசகில்லாமல். கீழே அந்த ஊசியின் பெயர். எட்டு தவணை. கடைசி ஊசி போட்டுப் பத்தொன்பது நாள்.

என்ன நோய்க்காக: 'புற்று. முதுகெலும்பு, இடுப்பு.'

உள்ளே டிரில் நின்றது. மறுபடி இரைந்தது.

கண்டறிந்த தேதி: 'ஜனவரி 23.'

தப்பாக எழுதியிருக்கிறார் என்று நினைத்தாள். பிப்ரவரி பதினேழுதான். கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் சொன்ன தேதி அவளுக்கு மறக்குமா? ஆனால் அட்டையில் தேதியைத் தப்பாக எழுதுகிறவர் இல்லை அவர். ஜனவரி 23. குழாய், அயர்ன் பாக்ஸ், ஜன்னல். ஃப்யூஸ் பெட்டி.

பேனா முனை கடைசிக் கோட்டின் மேல் நின்றது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, 'மருத்துவர் அறிய வேண்டிய வேறு விவரங்கள்' என்று அச்சடித்திருந்த இடத்திலும் அவர் காலி விட்டிருக்கவில்லை.

'என் மனைவி வந்தால் இதைப் பற்றிப் பேச வேண்டாம். எனக்குத் தெரியாது என்று அவள் நம்புகிறாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லும்படி பெரிய ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டுக்கொண்டவன் நான்தான்.'